முதற் சிற்றலைப் பெட்டி



"சிற்றலை கேட்க விருப்பம். முதலில் எந்த வானொலிப் பெட்டி வாங்கலாம்?" என்று இளைஞர் ஒருவர் கேட்டால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் உடனே விடை சொல்லிவிடுவார். "பழைய பிலிப்ஸ் பெட்டி ஒன்று தேடிப் பிடி, தம்பி. நல்ல சத்தம். லண்டன் கணீரென்று எடுக்கும்." அவர் சொல்வதில் பொய்யில்லை. அவருடைய காலத்தில் அது முற்றிலும் சரியான அறிவுரை. ஆனால் அவர் சொல்லும் லண்டன் இன்று சிற்றலையில் இல்லை. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் நம் நாட்டவரான சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதியவரும் அவரே. அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் வானலையை விட்டு நீங்கியது. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் 2018 இன் நடுப்பகுதியில் சிற்றலையைக் கைவிட்டு இணையத்துக்குச் சென்றுவிட்டது.

இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் பெட்டி தெரிவு செய்யக் கூடாது என்பதே இன்று நான் சொல்ல வந்த விடயம்.

அன்று நம்மவர் பெட்டி வாங்கியது ஒரு குரலுக்காக. இரவு ஒன்பதேகாலுக்கு அந்தக் குரல் வரும் இடத்தில் முள் நின்றால் போதும். 1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; பற்றரியோ தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசியது. சுற்றுபவர் களைத்தால் செய்தியும் மங்கும். முற்றத்தில் கூடியிருந்தவர்களுக்கு எந்தப் பெட்டி என்பது ஒரு பொருட்டே அல்ல. வலுவான ஒலிபரப்பு, தெரிந்த இடம், குறித்த நேரம் மூன்றும் இருந்தன. ஒற்றை ரான்சிஸ்டரும் அந்த வேலையைச் செய்தது.

இன்று பொழுதுபோக்காகச் சிற்றலை கேட்கத் தொடங்குபவருக்கு இந்த மூன்றும் இல்லை. அவர் தேடிப் போகிறவர். பி.பி.சி.யின் ஆங்கில உலக சேவை, சீனா, யப்பான், தென் கொரியா, ருமேனியா, துருக்கி, நியூசிலாந்து என்று இன்னும் பல நாடுகள் சிற்றலையில் பேசிக்கொண்டிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நம்மை நோக்கிப் பேசவில்லை. ஆபிரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பப்பட்ட அலை தவறி நம் கூரைக்கு மேல் வரும்போது அதைப் பிடிப்பதே இந்தப் பொழுதுபோக்கின் சுவை. வழி தவறி வரும் மெல்லிய குரலைப் பக்கத்தில் கத்தும் குரலிலிருந்து பிரித்துத் தரும் பெட்டி நமக்கு வேண்டும். சத்தம் இரண்டாம் பட்சம்.

கடைக்குப் போகுமுன் சிற்றலையின் போக்கைச் சற்று அறிந்துகொள்வோம். ஏறத்தாழ 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன் கொண்ட அலைகள் சிற்றலைகள். இவை மேலே சென்று, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயன் மண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளித் தரைக்குத் திரும்புகின்றன. தரையிலும் கடலிலும் பட்டு மீண்டும் எழுந்து இன்னொரு பாய்ச்சல் பாய்வதும் உண்டு. பகலில் உயர்ந்த மீடிறன்களும் இரவில் தாழ்ந்தவையும் நன்றாக எட்டும். பெட்டிகளில் 49 மீற்றர், 31 மீற்றர், 19 மீற்றர் என்று எழுதியிருப்பது அலையின் நீளம். 300 ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீற்றர் வந்துவிடும். 31 மீற்றரும் 25 மீற்றரும் நமது மாலை வேளைக்கு ஏற்றவை. 16, 19 மீற்றர்கள் பகலுக்கு. சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகித் தணியும். பெருகும் ஆண்டுகளில் உயர் மீடிறன்களிற் கேட்பவருக்கு நல்ல வேட்டை. 2024 இல் அந்த உச்சம் வந்தது.

இனிப் பெட்டிக்கு வருவோம். 31 மீற்றர் பட்டை 9400 முதல் 9900 கிலோஹேர்ட்ஸ் வரை விரிந்தது. நிலையங்கள் ஐந்து கிலோஹேர்ட்ஸுக்கு ஒன்றாக அமர்வதால் அதற்குள் நூறு இருக்கைகள். முள் வைத்த பெட்டியில் இந்த நூறு இருக்கைகளும் விரல் நகத்தின் அகலத்துக்குள் அடங்கியிருக்கும். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது 9650 ஆ, 9665 ஆ என்று எப்படிச் சொல்வீர்கள்? நேற்றுக் கேட்ட நிலையத்தை இன்று எப்படி மீண்டும் கண்டுபிடிப்பீர்கள்? ஆகவே முதற் பெட்டி எண்ணைத் துல்லியமாகக் காட்டும் பெட்டியாக இருக்க வேண்டும். விசைகளை அழுத்தி எண்ணை நேரே கொடுக்கக் கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முள்ளை மெல்ல நகர்த்தி உலகைத் தடவிப் பார்ப்பதில் ஒரு கவிதை உண்டு என்பார்கள். உண்டு. அதை இரண்டாவது பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

புறக்கோட்டைக் கடைகளில் 'ஒன்பது பட்டை', 'பன்னிரண்டு பட்டை' என்று பொறித்த, விளக்கும் நினைவக அட்டைப் பொந்தும் வைத்த பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பட்டைகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே சிற்றலையைப் பன்னிரண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இவற்றுட் பல ஒருமுறை மட்டும் மீடிறன் மாற்றம் செய்பவை. 9500 இல் இருக்கும் வலுவான நிலையம் 8590 இலும் இன்னொரு முறை பேசும். 910 கிலோஹேர்ட்ஸ் தள்ளித் தோன்றும் இந்த நிழலைப் புதியவர் ஒருவர் அபூர்வமான நிலையம் என்று எண்ணிப் பூரித்துப்போவதும் நடக்கும். இருமுறை மாற்றம் செய்யும் பெட்டிகளிலும், எண்மச் சில்லு கொண்ட புதிய பெட்டிகளிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

உணர்திறனைப் பற்றி விற்பனையாளர் அதிகம் பேசுவார். இன்றைய பெட்டிகளில் அது பொதுவாகப் போதுமானது. அவரிடம் கேட்க வேண்டியது பிரித்தெடுக்கும் திறன் பற்றி. ஐந்து கிலோஹேர்ட்ஸ் தள்ளியிருக்கும் அயலானை இந்தப் பெட்டி வெளியே நிறுத்துமா? அதற்குப் பட்டை அகலத்தை மாற்றும் வசதி வேண்டும். அகலத்தைக் கூட்டினால் இசை இனிக்கும். குறைத்தால் குரல் மூக்கடைத்தாற்போல் ஒலிக்கும், ஆனால் அயலான் போய்விடுவான். இரண்டு தெரிவுகளாவது உள்ள பெட்டியைப் பாருங்கள்.

அடுத்தது எஸ்.எஸ்.பி. எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை. வானொலி ஆர்வலர்கள் தமக்குள் பேசுவதும், இந்து சமுத்திரத்தின் மேலாகப் பறக்கும் விமானங்கள் தரையுடன் பேசுவதும் இந்த முறையில்தான். வசதியில்லாத பெட்டியில் அந்தப் பேச்சு தாரா கத்துவது போலிருக்கும். ஒலிபரப்பு நிலையங்கள் அருகிவரும் காலத்தில் இந்த வசதியை ஆடம்பரம் என்று தள்ள முடியாது. பத்து மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே ஆர்வலர்கள் கீழ்ப் பக்கப்பட்டையையும், மேலே மேற் பக்கப்பட்டையையும் பாவிப்பது வழக்கம். 7 மெகாஹேர்ட்ஸை ஒட்டி மாலையில் தேடினால், நம் நாட்டு ஆர்வலர் ஒருவர் 4எஸ்7 என்று தொடங்கும் தன் அழைப்புக்குறியைச் சொல்லக் கேட்கவும் கூடும்.

பெயர் சொல்லாமல் விட்டால் நேயர்கள் கோபிப்பீர்கள். சீனத் தயாரிப்பான டெக்சன் பி.எல். 330 சட்டைப்பையில் அடங்குவது, எஸ்.எஸ்.பி., பட்டை அகலத் தெரிவு, வெளி அன்ரெனாவுக்கான பொந்து எல்லாம் உண்டு. பழைய நோக்கியா கைபேசிகளுக்குப் போட்ட பி.எல். 5சி பற்றரியில் அது ஓடும். எந்த ஊரிலும் கைபேசி திருத்தும் கடையில் அந்தப் பற்றரி கிடைக்கும் என்பது சிறிய விடயமல்ல. எக்ஸ்.எச். டேட்டா டி. 808 சற்றுப் பெரியது, ஒலியும் நன்று. டெக்சன் பி.எல். 660 இருமுறை மாற்றம் செய்வது; சாதாரண விரற்பருமன் பற்றரி நான்கு போதும். பயன்படுத்திய பெட்டியானாலும் சரி என்பவர்கள் சோனியின் ஐ.சி.எப். எஸ்.டபிள்யூ. 7600 வரிசையைத் தேடலாம். அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே பற்றரி கசிந்த அறைகளையும் விசைகளையும் நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். வால்வு பொருத்திய பழைய மரப்பெட்டிகள் அழகானவை. அவற்றின் உலர்ந்த கொள்ளளவிகளை மாற்றித் தரும் கைகாரர் ஊருக்குள் இருந்தால் மாத்திரம் ஆசைப்படுங்கள்.

கடையில் சோதிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கொங்கிறீற் கூரைக்குக் கீழே, நூறு மின்குமிழ்களுக்கு நடுவே எந்தச் சிற்றலைப் பெட்டியும் இரைச்சலைத்தான் தரும். மாலை ஆறரை மணிக்குப் பின் போய், பெட்டியை வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 31 மீற்றரில் வலுவான நிலையம் ஒன்றைப் பிடித்து, பிறகு ஐந்து கிலோஹேர்ட்ஸ் விலகிப் பாருங்கள். அதன் பேச்சு அங்கும் தெளிவாகத் தொடர்ந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 10000 இல் நிறுத்திப் பாருங்கள். சீனாவின் பி.பி.எம். நேரச் சமிக்ஞை நிலையம் அங்கே நொடிக்கு நொடி தட்டிக்கொண்டிருக்கும். நன்றாக எட்டும் வேளையானால், தட்டல் அந்த எண்ணிலேயே தெளிவாகக் கேட்க வேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்தபின் மின்சாரச் செருகியில் மாட்டாதீர்கள். பற்றரியில் ஓட விடுங்கள். மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ், கைபேசி சார்ஜர், கூரையில் ஏற்றிய சூரிய மின்கலத்தின் மின்மாற்றி ஆகியவை இன்றைய சிற்றலையின் பகைவர்கள். வெற்றிடமான ஓர் எண்ணில் பெட்டியை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால் குற்றவாளி அகப்படுவான். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். தெரு முழுவதும் இருண்டு, இந்த இரைச்சற் கருவிகள் அனைத்தும் வாய் மூடும்போது சிற்றலை எவ்வளவு தெளிவாகிவிடும் என்பதை அந்நேரம் பெட்டியைத் திறந்தவர்கள் அறிவார்கள். ஊரே சபித்த இருளில் அவர்களுக்கு மட்டும் ஒரு சிறு இலாபம்.

அதே ஆண்டு மார்ச்சில், உக்ரேனுக்காக பி.பி.சி. நாளுக்கு நான்கு மணிநேரம் சிற்றலையில் மீண்டும் பேசத் தொடங்கியது. கோபுரமும் கம்பியும் அறுந்தாலும் அலை எட்டும் என்பதை யாழ்ப்பாணத்து முற்றங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

தனியே அன்ரெனா வாங்கத் தேவையில்லை. ஐந்தாறு மீற்றர் நீளமான உறையிட்ட கம்பியின் ஒரு முனையைப் பெட்டியின் தண்டில் கவ்வவிட்டு, மறு முனையை யன்னல் வழியே மாமரக் கிளைக்குக் கொண்டுபோனால் போதும். இருபது மீற்றர் இழுத்துவிட்டால் சிறிய பெட்டி திக்குமுக்காடி, எல்லா நிலையங்களையும் ஒன்றாகக் கலந்து துப்பும். இடி மின்னல் மாலைகளில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும், கம்பியை முதலிற் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

பணம் செலவழிக்குமுன் சுவை பார்க்க விரும்புவோர், நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவிட்டிருக்கும் வானொலியை இருந்த இடத்திலிருந்தே திருகிப் பார்க்கலாம். ஆனால் அங்கே கேட்பது ஐரோப்பாவின் வானம். நம் மாமரத்தின் மேலுள்ள வானம் வேறு.

நிலையங்களின் அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறில் மாறும். அவை உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. அத்துடன் ஐந்தரை மணிநேரம் கூட்டினால் நமது நேரம். 1996 இல் நம் நாட்டுக் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்களே, அந்தப் பத்து ஆண்டுகளிலும் குழம்பாதிருந்தவர்கள் பொது நேரத்தில் குறிப்பெழுதிய சிற்றலை நேயர்கள்தாம்.

ஆகவே பெட்டியுடன் ஒரு கொப்பியும் வாங்குங்கள். திகதி, பொது நேரம், எண், மொழி, கேட்ட விடயம் ஆகியவற்றை எழுதுங்கள். ஐந்து இலக்கக் குறியீடு ஒன்றும் உண்டு: அலையின் வலு, பிற நிலைய இடையூறு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. 55555 என்றால் குறையில்லை. இந்த விபரங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், கேட்டதை உறுதிப்படுத்தும் அட்டை அனுப்பும் நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. "நன்றாகக் கேட்டது" என்று எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள். அரை மணிநேரமாவது கேட்டு, இந்த நிமிடத்தில் இன்ன பாட்டு, இந்த நிமிடத்தில் பெண் அறிவிப்பாளர், பிறகு இன்ன நாட்டுச் செய்தி என்று எழுத வேண்டும். மொழி விளங்காவிட்டாலும் வாத்தியம் விளங்கும், அதை எழுதுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாற் போதும் என்போரும் உண்டு. தபாலில் அனுப்பினால் மாதக் கணக்கிற் பொறுத்திருக்க வேண்டும்.