அணையாத சுவிட்ச்

காலரா வந்தவரின் குடலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரிய புண் எதுவும் தெரியாது தம்பி. செல்கள் உயிரோடுதான் இருக்கும். ஆனாலும் மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் வெளியேறி, சில மணி நேரத்தில் ஆளே போய்விடலாம். எப்படி என்று கேட்டாயே, டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடியதல்ல, மெதுவாகக் குடி.

அந்தக் கிருமி விடும் நச்சில் ஆறு புரதத் துண்டுகள். ஐந்து வளையமாகச் சேர்ந்து, குடல் செல்லின் சவ்விலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பைப் பற்றிக்கொள்ளும். வினை செய்வது ஆறாவது. செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சரியாக மடியாத புரதங்களைக் கழித்துவிடச் செல் வைத்திருக்கும் பாதை வழியாகவே அது நழுவி உட்பக்கம் வந்துவிடும்.

அங்கே இருக்கிறது ஜி புரதம். ஹார்மோன் வந்தால் எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானே அணைகிற சுவிட்ச் அது. நச்சு அதை உடைப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் என்ஏடி மூலக்கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஜி புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்றில் ஒட்டுகிறது. அவ்வளவுதான், இனி அணையாது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி பெருகும். அதனால் சிஎஃப்டிஆர் புரதம் குளோரைடை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சோடியமும் தண்ணீரும் அதன் பின்னே போகும்.

குடலுக்குள்தான் எல்லாம் நடக்கிறது என்று காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியைக் கட்டி, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை அதில் செலுத்தினார். அந்தப் பகுதி நீர் கோத்து வீங்கியது. 1959-இல் 'நேச்சர்' இதழில் வந்தது அந்தக் கட்டுரை. அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நச்சின் கை எட்டாத இன்னொரு புரதம் அதே செல்லில் உண்டு. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே எடுக்கும். தண்ணீரும் கூடவே வரும். இதை நம்பித்தான் 1971-இல் வங்காளதேச அகதிகள் குவிந்த போன்காவில், சலைன் பாட்டில் தீர்ந்த நிலையில், டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஓஆர்எஸ் பொட்டலத்தில் குளுக்கோஸ் தெம்புக்காக இருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது இல்லாமல் அந்த உப்பு குடலைத் தாண்டி உள்ளே போகாது.