ஒரு மனுஷன் எப்படி 0.6 ஆனான்? அமெரிக்கா 70 வருஷம் தள்ளிப்போட்ட கேள்வி

இந்த எபிசோட்ல நேரா ஒரு கணக்குக்குள்ள போயிடலாம்.

1790-ல் அமெரிக்கா தன்னோட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்துது. அதுல ரெண்டு மாநிலங்களை மட்டும் எடுத்துக்குவோம். பென்சில்வேனியாவில் சுதந்திரமான மக்கள் சுமார் 4 லட்சத்து 31 ஆயிரம் பேர். வர்ஜீனியாவில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர். பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு, 33,000 பேருக்கு ஒரு பிரதிநிதி என்று முடிவானது. அப்படின்னா ரெண்டு மாநிலத்துக்கும் தலா 13 சீட் வரணும். பென்சில்வேனியாவுக்கு 13 வந்தது. வர்ஜீனியாவுக்கு 19 வந்தது.

அந்த 6 சீட் எங்கிருந்து வந்தது? வர்ஜீனியாவில் 2 லட்சத்து 92 ஆயிரம் பேர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 0.6 ஆள் என்று கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். பெருக்கிப் பாருங்க, 1 லட்சத்து 75 ஆயிரம் வரும். அதைச் சேர்த்து 33,000-ஆல் வகுத்தா சரியா 19.

நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. ஒரு ஆளை டேட்டாபேஸ்ல 0.6ன்னு யாராவது ஸ்டோர் பண்ணியிருந்தா, அதை முதல்ல ஒரு பக்னு தான் நினைப்பேன். ஆனா இது பக் இல்லை. ரொம்ப யோசிச்சு, பேரம் பேசி, கையெழுத்துப் போட்டு உள்ளே வச்ச விதி. அது ஏன் வந்தது, அதுக்கு அப்புறம் என்னவெல்லாம் ஆச்சு என்பதுதான் இன்னைக்கு நம்ம கதை.

முழு ஆளா எண்ணச் சொன்னது யார்?

1776 ஜூலை 4. 13 காலனிகள் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் அறிவிக்கின்றன. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவிக்கும் அந்த ஆவணத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர் எழுதிய முதல் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டிக்கும் ஒரு பகுதியும் இருந்தது. பழியை பிரிட்டிஷ் மன்னர் மேல் போட்டிருந்தார். அந்தப் பகுதியை காங்கிரஸ் வெட்டிவிட்டது.

1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் 55 பேர் கூடி அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தார்கள். மக்கள்தொகையைப் பொறுத்துத்தான் பிரதிநிதிகள் சபையில் சீட். சரி, அடிமைகளை மக்கள்னு எண்ணலாமா?

இங்கதான் நிறைய பேர் தலைகீழா புரிஞ்சுக்குறாங்க. 0.6ன்னு கேட்டதும், "தெற்கு மாநிலங்கள் அவங்களை முழு மனுஷனா ஒத்துக்கலை, வடக்கு ஒத்துக்கிச்சு"ன்னு தோணும். நடந்தது நேர் எதிர். அவங்களை 1.0-ஆ எண்ணணும்னு கேட்டது அடிமைகளை வைத்திருந்த தெற்கு மாநிலங்கள்தான். 0-ன்னு எண்ணச் சொன்னது வடக்கு. ஏன்னா ஓட்டுரிமையே இல்லாதவங்களை எண்ணிக்கையில சேர்த்தா, அதனால வர்ற அதிகாரம் முழுக்க அவங்க எஜமானர்களுக்குத்தான் போகும். கடைசியில் 0.6-ல் பேரம் படிந்தது.

இன்னும் ரெண்டு விதிகள் சேர்ந்தன. 1808 வரைக்கும் அடிமைகளை இறக்குமதி செய்வதை காங்கிரஸ் தடை செய்யக்கூடாது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பி இன்னொரு மாநிலத்துக்கு ஓடினாலும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இதையெல்லாம் எழுதியவர்கள் "அடிமை" என்ற வார்த்தையை மட்டும் சாசனத்தில் எங்கேயும் எழுதவில்லை. "மற்ற நபர்கள்" என்று எழுதினார்கள். "வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்" என்று எழுதினார்கள். வேரியபிளுக்கு வேற பேர் வச்சா உள்ளே இருக்கிற மதிப்பு மாறிடாது, இல்லையா?

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளும் இதே சீட் கணக்கிலிருந்துதான் வந்தன. முதல் 36 வருஷத்தில் 32 வருஷம் ஜனாதிபதியாக இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள்: வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ. நாலு பேருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள்.

ஓனா ஜட்ஜ்

இதுவரைக்கும் எண்களா பேசிட்டோம். அந்த 0.6-ல் ஒருத்தரோட பேர் ஓனா ஜட்ஜ்.

வாஷிங்டன் குடும்பத்தில், மார்த்தா வாஷிங்டனுக்குப் பணிவிடை செய்த இளம்பெண். தலைநகரம் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த காலம் அது. பென்சில்வேனியாவில் 1780-லேயே படிப்படியாக அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் கூட்டி வந்த அடிமை 6 மாதம் அங்கே தொடர்ந்து இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால் வாஷிங்டன் என்ன பண்ணார்? 6 மாதம் முடிவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தார். கவுன்ட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

1796-ல் மார்த்தாவின் பேத்திக்கு ஓனாவைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிய வந்தது. மே மாதம் ஒரு நாள், குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் ஓனா வீட்டை விட்டு வெளியேறினார். கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். பிடித்துத் தந்தால் சன்மானம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. வாஷிங்டன் ஆள் வைத்து, கடிதம் எழுதி, திரும்ப வரவழைக்கப் பார்த்தார். ஓனா போகவே இல்லை.

வயதான பிறகு பத்திரிகைக்காரர்கள் அவரைத் தேடிப் போய்ப் பேசினார்கள். ஓடி வந்த பிறகு இன்னும் கஷ்டமான வாழ்க்கைதானே, வருத்தமா இருக்கான்னு கேட்டதுக்கு, இல்லை, நான் சுதந்திரமா இருக்கேன்னு சொன்னார். 1848-ல் அவர் இறந்தபோதும் சட்டத்தின் கண்ணில் அவர் "தப்பி ஓடிய சொத்து" தான். அவருக்குப் பிறந்த பிள்ளைகளும் சட்டப்படி அந்தக் குடும்பத்துச் சொத்து.

தானா அழிஞ்சிடும்னு நினைச்சது ஏன் அழியல?

அந்த 55 பேரில் சிலர், அடிமை முறை காலப்போக்கில் தானாகவே தேய்ந்துவிடும் என்று நம்பினார்கள். வர்ஜீனியாவின் புகையிலை நிலம் சாரம் இழந்துகொண்டிருந்தது. 1787-லேயே ஒஹாயோ நதிக்கு வடக்கே உள்ள நிலத்தில் அடிமை முறை கூடாது என்று சட்டமும் போட்டார்கள்.

1793-ல் ஈலை விட்னி பஞ்சையும் பருத்திக்கொட்டையையும் பிரிக்கும் ஜின் இயந்திரத்தை உருவாக்கினார். அதுவரை ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பிரித்தாலும் ஏறக்குறைய ஒரு பவுண்டு பஞ்சுதான் தேறும். ஜின் வந்ததும் அந்தத் தடை உடைந்தது. பிரிட்டன் மில்களுக்கு எவ்வளவு அனுப்பினாலும் போதவில்லை. ஆனால் விதைக்கவும், களை எடுக்கவும், பருத்தி பறிக்கவும் மனிதக் கைகள்தான் வேண்டும். வேலையைக் குறைக்க வந்த மெஷின், அடிமைகளுக்கான தேவையைப் பல மடங்காக்கியது.

1790-ல் நாடு முழுக்க சுமார் 7 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். 1860-ல் சுமார் 39.5 லட்சம். 1808-லேயே இறக்குமதி தடை செய்யப்பட்டுவிட்டதே என்று கேட்கலாம். அதன் பிறகு உள்நாட்டிலேயே விற்றார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கமிருந்து மிசிசிப்பி, அலபாமா, லூயிசியானா பருத்திக்காடுகளுக்கு சுமார் 10 லட்சம் பேர் கொண்டு போகப்பட்டார்கள். புருஷன் ஒரு ஏலத்தில், பொண்டாட்டி வேற ஏலத்தில், பிள்ளை மூணாவது ஏலத்தில்.

அந்தப் பருத்திக்காடுகளில் பெரும்பகுதி அதற்கு முன் செரோக்கி, சோக்டா, கிரீக் போன்ற பூர்வகுடிகளின் நிலம். 1830-ல் அவர்களை வெளியேற்ற காங்கிரஸ் சட்டமே போட்டது. 1838-39-ல் செரோக்கி மக்கள் மேற்கே துரத்தப்பட்ட அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். கண்ணீர்ப் பாதை என்று இன்றும் அதற்குப் பெயர்.

ஒரு கோடு போட்டா பிரச்சினை தீருமா?

1803-ல் நெப்போலியனிடமிருந்து லூயிசியானாவை ஒன்றரை கோடி டாலருக்கு ஜெஃபர்சன் வாங்கினார். நாட்டின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. நெப்போலியன் ஏன் வித்தார்? ஹைட்டியில் அடிமைகள் புரட்சி செய்து அவருடைய படையைத் தோற்கடித்தது ஒரு முக்கியமான காரணம். அங்கே அடிமைகள் ஜெயித்ததால் கைமாறிய நிலத்தில், இங்கே அடிமை முறை பரவியது.

இனி ஒவ்வொரு புது மாநிலமும் சேரும்போதும் ஒரே கேள்வி: அடிமை மாநிலமா, சுதந்திர மாநிலமா? செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ரெண்டு சீட். 1819 முடிவில் 11-க்கு 11 என்று சமமாக இருந்தது. அப்போது மிசௌரி அடிமை மாநிலமாகச் சேர வந்தது. ஒரு வருஷம் சண்டை. 1820-ல் ஒரு சமரசம்: மிசௌரி அடிமை மாநிலம், அதற்கு ஈடாக மெய்ன் சுதந்திர மாநிலம். லூயிசியானா நிலத்தில், மிசௌரியைத் தவிர, 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கிடையாது.

கோடு 30 வருஷத்துக்கு மேல் தாங்கியது. ஆனா அது லூயிசியானா நிலத்துக்கு மட்டும் எழுதின ரூல். 1846-48 போரில் மெக்சிகோவிடமிருந்து கலிஃபோர்னியா வரை பிடுங்கியதும், அந்த நிலத்துக்கு ரூலே இல்லை. 1850-ல் அடுத்த சமரசம். கலிஃபோர்னியா சுதந்திர மாநிலம். பதிலுக்கு, தப்பியவர்களைப் பிடித்துக்கொடுக்கும் சட்டம் ரொம்பக் கடுமையானது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தன் தரப்பில் சாட்சி சொல்லவும் உரிமை கிடையாது. இதுல ஒரு விவரம் என்னை உலுக்கிடுச்சு. பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பினால் அந்த அதிகாரிக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர்.

1854-ல் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டையே அழித்தது. அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டு முடிவு பண்ணட்டும் என்றார்கள். கேட்க ஜனநாயகமா இருக்கு. 1855 மார்ச்சில் கான்சஸில் தேர்தல் நடந்தது. தகுதியுள்ள வாக்காளர்கள் 2,900 பேர் அளவில்தான் இருந்தார்கள். பதிவான ஓட்டு 6,000-க்கும் மேல். மிசௌரியிலிருந்து கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி வந்து குத்திவிட்டுப் போனார்கள். அப்புறம் துப்பாக்கிகள் பேச ஆரம்பித்தன.

சரி, கோர்ட் தீர்க்குமா? ட்ரெட் ஸ்காட் என்பவரை அவருடைய எஜமானரான ராணுவ டாக்டர், அடிமை முறை இல்லாத இல்லினாய்க்கும் விஸ்கான்சின் பிரதேசத்துக்கும் கூட்டிப்போய் வாழவைத்திருந்தார். 1846-ல் அவரும் அவர் மனைவி ஹேரியட்டும் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார்கள். 11 வருஷம் கழித்து, 1857-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது: கறுப்பினத்தவர் சுதந்திரமாக இருந்தாலும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது, பிரதேசங்களில் அடிமை முறையைத் தடை செய்ய காங்கிரஸுக்கு அதிகாரமே கிடையாது. ஸ்காட் குடும்பத்துக்கு அதே வருஷம் வேறு வழியில் விடுதலை கிடைத்தது. ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகம் சுதந்திரமாக வாழ்ந்து ட்ரெட் ஸ்காட் இறந்துபோனார்.

"போர் அடிமை முறைக்காக இல்லை"ன்னு சொல்றாங்களே?

1860 நவம்பரில், அடிமை முறை புதுப் பிரதேசங்களுக்குப் பரவக்கூடாது என்ற லிங்கன், சுமார் 40 சதவீத ஓட்டில் ஜெயித்தார். தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1861 ஏப்ரல் 12-ல் ஃபோர்ட் சம்டர் மேல் முதல் பீரங்கி வெடித்தது.

"அது மாநில உரிமைக்கான போர்"ன்னு ஒரு வாதத்தை இன்டர்நெட்ல அடிக்கடி பார்ப்பீங்க. ரெண்டு விஷயம் செக் பண்ணுங்க. ஒண்ணு, 1850 சட்டத்தை எதிர்த்து வடக்கு மாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் போட்டபோது, மத்திய அரசு அதை மீறி ஆளைப் பிடிக்கணும்னு கேட்டது தெற்குதான். அப்போ மாநில உரிமை எங்க போச்சு? ரெண்டு, மிசிசிப்பி மாதிரி மாநிலங்கள் பிரிவதற்கான காரணத்தை அவங்களே எழுதி வெளியிட்டிருக்காங்க. அதில் அடிமை முறையைக் காப்பதுதான் காரணம்னு ஒளிவுமறைவு இல்லாம சொல்றாங்க.

நாலு வருஷம் போர், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவு. 1865-ல் 13-வது திருத்தம் வந்தது. 1787-ல் எழுதாமல் விட்ட அந்த வார்த்தை அப்போதுதான் முதல்முறையாக சாசனத்துக்குள் வருகிறது, ஒழிக்கப்பட்டது என்று சொல்வதற்காக.

இப்போ மறுபடி நம்ம கணக்குக்கு வாங்க. அடிமை முறை ஒழிந்ததும் 0.6 போய், எல்லாரும் 1.0. நல்ல விஷயம்தானே? ஆனா தோத்துப்போன தெற்கு மாநிலங்களுக்கு இப்போ முன்னைவிட அதிக சீட் பலம். கறுப்பினத்தவருக்கு சாசனம் ஓட்டுரிமை கொடுத்த பிறகும், ஓட்டு வரி, எழுதப் படிக்கத் தெரியுமா என்ற பரீட்சை, நேரடி மிரட்டல் என்று பல வழிகளில் அவர்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். முழு ஆளாக எண்ணப்பட்டும், தெற்கில் பெரும்பாலானவர்களால் ஓட்டுப்போட முடியவில்லை. அதை உடைக்க 1965 வாக்குரிமைச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால எந்த ஊர்ல எந்தக் கணக்கெடுப்பைப் பார்த்தாலும் நான் ரெண்டு கேள்வி கேட்டுக்குவேன்: இதுல எண்ணப்படுறவங்க யார்? அந்த எண்ணிக்கையால பலம் யாருக்குப் போகுது?

அடுத்த எபிசோட்ல, இந்தப் போரால அமெரிக்கப் பருத்தி நின்னுபோனப்போ, லங்காஷயர் மில்கள் இந்தியப் பருத்தி பக்கம் திரும்பின கதையைப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க.