கேத வீட்டுக்கு வரும் அட்வான்ஸ்

பொட்டிபுரம், ராசிங்கபுரம், சிலமலை என்று இந்தப் போடி மலையடிவார ஊர்களில் ஒரு வீட்டில் பெரியவர் கண்மூடினால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். கேதம் கேட்க வந்தவர் போலத்தான் இருப்பார். ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு ஆச்சு, சொசைட்டிக் கடன் பாக்கி இருக்கா, திருப்பூரில் இருக்கிற தம்பி என்ன சொல்கிறான் என்று பரிவாக விசாரிப்பார். எழுந்து போகும்போது ஒரு கட்டு நோட்டையும் எழுதிய முத்திரைத்தாளையும் நீட்டுவார். "செலவுக்கு வச்சுக்கங்க அண்ணே, மிச்சத்தப் பெறகு பேசுவோம்."

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

அந்தப் புரோக்கர் தேடி வந்தது அவசரத்தில் இருக்கும் ஒரு வாரிசை. ஐந்து பங்காளிகளில் கடன் நெருக்கும் ஒருவரைப் பிடித்து, அவர் பங்கைப் பாதி விலைக்கு எழுதி வாங்கிக்கொள்வார். பிறகு மற்றவர்களிடம், "உங்க அண்ணன் குடுத்தாச்சு, இனி கோர்ட்டு, கேஸுனு அலையப் போறீங்களா?" என்பார். அலுத்துப்போய் எல்லோரும் கொடுப்பார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்து, பட்டாவைச் சரிசெய்து, முழு விலைக்குக் கைமாற்றிவிடுவார். அமெரிக்காவில் நீதிமன்றத்துக்கு வரும் வாரிசுரிமைக் கோப்புகளைப் பார்த்து, இறந்தவரின் பிள்ளைகளுக்குக் கடிதம் போட்டு வீடு வாங்கி விற்பதைத் தொழிலாகவே நடத்துகிறார்கள். ஒரு பங்கை வாங்கி மொத்த நிலத்தையும் ஏலத்துக்குத் தள்ளும் தந்திரத்தில் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் நிலத்தை இழந்தன. அதைத் தடுக்க அங்கே மாதிரிச் சட்டம் வந்தது 2010-ல்தான். நம்மிடம் அதற்கான சட்டம் 1893 முதல் இருக்கிறது, கேட்பார்தான் இல்லை.

யாருக்குப் பங்கு?

உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகிய எல்லோருக்கும் சமமாகப் போகும். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு என்பதால் மகளின் பங்கு அழிவதில்லை. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை உண்டு. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. (கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. பத்திர வேலையும் எச்சரிக்கையும் ஒன்றுதான்.)

எல்லோரும் மறப்பது பாட்டியை. மகன் இறந்தபோது அவருடைய தாய் உயிரோடு இருந்தால், அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு விழுந்துவிடுகிறது. பின்னால் அவர் காலமானால் அந்தப் பங்கு சித்தப்பா, அத்தை வரை பிரியும். ஆறு கையெழுத்து போதும் என்று நினைத்த பத்திரத்தில் பத்துக் கையெழுத்து தேவைப்படுவது இப்படித்தான்.

பதிவு ஆகிவிட்டால் உரிமை வந்துவிடுமா?

வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, கைரேகை வாங்கி, முத்திரை குத்திவிட்டால் சொத்து சுத்தம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. மூலப்பத்திரம் கேட்ட தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ-யை ரத்து செய்த தீர்ப்பு அது. மூலப்பத்திரத்தைக் காட்டு என்று எந்த விதி வந்தாலும், விட்டுப்போன தங்கச்சியை அது தேடித் தராது.

வில்லங்கச் சான்றும் முழு உண்மை பேசாது. பதிவு செய்த உயில்கூட அதில் வராது. பதிவு செய்யாத ஒப்பந்தமும் வராது.

"பதிவு பண்ணாத வெறும் அக்ரிமென்ட்தானே" என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பர் முதல் சட்டம். ஆனாலும், "ஒப்புக்கொண்டபடி கிரயம் எழுதிக்கொடு" என்று கேட்கும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேத வீட்டில் போட்ட கையெழுத்து மூன்று வருடம் கழித்தும் சம்மனாக வரலாம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் செய்தால் கட்டணம் கிடையாது. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம், போடி நகரத்துக்குள் என்றால் நகராட்சியில். ஒரு வருடம் தாண்டவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வாங்க நடையாய் நடக்க வேண்டும். பட்டாவில் இருக்கும் பெயரும் இறப்புச் சான்றில் ஏறும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பட்டாவில் 'பெரியகருப்பன்', சான்றில் 'கருப்பையா' என்று இருந்தால் பின்னால் ஒவ்வொரு மேஜையிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது, வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வட்டம் என்பதைச் சரிபார்த்து எழுதுங்கள். போடிக்குப் பக்கம் என்பதாலேயே எல்லா அடிவாரக் கிராமமும் போடிநாயக்கனூர் வட்டம் ஆகிவிடாது, உத்தமபாளையம் வட்டமாகவும் இருக்கும். விண்ணப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள், வெளிநாட்டில் இருக்கும் மகன், பாட்டி என்று ஒருவரையும் விடாதீர்கள். விசாரணைக்கு வருவதாகச் சொல்லி வராமலே இருப்பார்கள், "நாளைக்கு வாங்க" என்பார்கள். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மேஜையில் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தச் சான்று யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். யாருக்கு எந்த இடம் என்று சொல்லாது. இதை வைத்து ஒருவர் மட்டும் முழுச் சொத்தையும் விற்க முடியாது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று வேறு. அது இறந்தவருக்கு வரவேண்டிய கடன், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு. வீட்டுக்காக அதைக் கேட்டு வக்கீல் பீஸ் கட்டாதீர்கள். உயில் இருந்தால், தேனி மாவட்டத்தில் எழுதி, தேனி மாவட்டச் சொத்தை மட்டும் சொல்லும் இந்து உயிலுக்குப் புரபேட் (உயிலை மெய்ப்பிக்கும் நீதிமன்றச் சான்று) கட்டாயம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பழைய கட்டாயமும் சென்னை நகர எல்லைக்குத்தான் இருந்தது.

மூன்றாவது, எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா. மூன்று தலைமுறையாகப் பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கும் குடும்பங்கள்தான் புரோக்கரின் முதல் குறி.

நான்காவது, பாகப்பிரிவினைப் பத்திரம். செலவாகும் என்றுதான் இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். குடும்பத்துக்குள் பிரித்தால் ஒரு பங்குக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. வெளியாள் கிரயம் வாங்கினால் ஆகும் 9 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த நான்கும் முடிந்த பிறகு விற்பதா வேண்டாமா என்று பேசுங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணமும் வாங்காதீர்கள். 'விடுதலைப் பத்திரம்' என்று அண்ணன் நீட்டினாலும் படிக்கச் சொல்லிக் கேட்காமல் போடாதீர்கள். அதில் போட்டால் உங்கள் பங்கு போயிற்று. 'பவர் பத்திரம்' என்று வெளியாளுக்கு எழுதுவது பூட்டோடு சாவியையும் கொடுப்பதுதான்.

மைனர் பிள்ளைக்குப் பங்கு இருந்தால், அதை விற்கத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றதை அந்தப் பிள்ளை மேஜரான மூன்று வருடத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். வாங்குகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் மலைக்கு மேலே இருந்தால்

பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தனி எச்சரிக்கை. அது கேரளம், உடும்பஞ்சோலை வட்டம். போடி சார்பதிவாளரிடம் அதற்கு வேலை இல்லை. அங்குள்ள கிராம அலுவலகத்தில் வாரிசுகள் பெயருக்குப் 'போக்குவரவு' செய்து, கரம் (நிலவரி) கட்டி ரசீது வாங்க வேண்டும். கையில் இருப்பது பட்டாவா, 1961-ம் ஆண்டு விதிகளின்படி ஏலச் சாகுபடிக்குக் கொடுத்த குத்தகையா என்று முதலில் பாருங்கள். குத்தகை என்றால் மண் அரசுடையது. அதை நிலமாக விற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

பங்காளி விற்கப் போகிறாரா, ஏற்கெனவே விற்றுவிட்டாரா?

பயப்பட வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். ஒரு வாரிசு தன் பங்கை விற்கப் புறப்பட்டால், அதை முதலில் வாங்கும் உரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ம் பிரிவு. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்க முடியாது. சொத்து மாற்றச் சட்டம் 44-ம் பிரிவு தடுக்கிறது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ம் பிரிவின்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே திரும்ப வாங்கலாம். பூட்டு போட வந்தால் காவல் நிலையத்தில் புகாரும், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு மனுவும் கொடுங்கள்.

உங்கள் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்கியிருந்தால் கோட்டாட்சியரிடம் ரத்து கேட்டு மனு கொடுங்கள். சார்பதிவாளருக்கும் ஆட்சேபணை எழுதிக்கொடுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உண்மையான தடுப்பு பாகப்பிரிவினை வழக்குதான். வழக்கு நடக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தும். போலிப் பத்திரத்தை ரத்து செய்யக் காலக்கெடு, தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். "பெரிய மனுஷங்க பேசிட்டு இருக்காங்க" என்று காத்திருந்து அதைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதும் காரணம் ஆகாது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. தேனி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ வட்ட சட்டப்பணிகள் குழுவிடமோ ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்தால் போதும்.

கடன்காரர் நெருக்குகிறார் என்று ஓடாதீர்கள். அப்பாவின் கடனுக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. நல்ல விலைக்கு வாங்க நினைப்பவர் ஆறு மாதம் காத்திருப்பார். காத்திருக்க முடியாது என்பவரிடம் பணத்தையும் தாளையும் அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள்.