கூரைக்குள் ஒரு ஓடுதளம்

அழகர்கோவிலில் இருந்து மதுரைக்கு வரும் சாலையில் அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர் எல்லாம் தாண்டினால் ரேஸ் கோர்ஸ் மைதானம் பக்கம்தான். சித்திரையில் அழகர் வைகைக்கு இறங்கி வரும் வழியும் இதுவே. அந்த மாதத்து வெயில் எப்படி என்று அவரோடு நடந்து வருபவர்களின் பாதங்களைத்தான் கேட்க வேண்டும். சக்கிமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்து, வெறுங்காலோடு ஓட ஆரம்பித்த ரேவதி, பயிற்சியாளர் கண்ணனிடம் தேறியது ரேஸ் கோர்ஸில்தான். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம் வரைக்கும் போனார். இங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் கடிகாரத்தைவிட வெயிலைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே வில்லன் பனி. குளிர்காலம் முழுக்க மைதானம் மூடிக் கிடந்தால் ஓட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? 1868 நவம்பரில் நியூயார்க் அத்லெடிக் கிளப் ஒரு சறுக்கு அரங்குக்குள் போட்டி நடத்திப் பார்த்தது. 1906-ல் மாடிசன் சதுக்கத் தோட்டம் என்ற அரங்கில் ஆண்களுக்கான முதல் தேசிய உள்ளரங்கப் போட்டியே நடந்துவிட்டது. அந்தக் கால உள்ளரங்கத் தடம் என்றால் பலகைதான். மைதானத்தில் நாலு சுற்றில் முடியும் மைல் ஓட்டத்துக்கு, பலகையில் பத்து, பதினொரு சுற்றுகூடத் தேவைப்படும். ஆணி வைத்த காலணிகள் மரத்தில் தடதடக்க, பார்வையாளர்களின் சுருட்டுப் புகைக்கு நடுவே ஓடினார்கள்.

பெண்கள்? அவர்களுக்கான தேசியப் போட்டி 1927-ல்தான் பாஸ்டனில் தொடங்கியது. இருபத்தோரு வருடக் காத்திருப்பு. இங்கிலாந்து இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை: 1935-ல் வெம்ப்ளியில் ஆண், பெண் இரு தரப்புக்கும் சேர்த்தே ஆரம்பித்தார்கள். போர் வந்து அதை நிறுத்தியது. 1962-ல் மீண்டும் தொடங்கி, 1965 முதல் காஸ்ஃபோர்டில் விமானப்படையின் விமானக் கொட்டகை ஒன்றுக்குள் நடத்தினார்கள்.

இன்றைய உள்ளரங்கத் தடம் 200 மீட்டர் சுற்று. வளைவுகள் சாய்வாக உயர்ந்திருக்கும். 400 மீட்டருக்கு இரண்டு சுற்று. முதல் இரண்டு வளைவுவரை அவரவர் பாதை. அதன் பிறகு எல்லோரும் உள்பக்கம் பாய்வதால் முழங்கை இடி சகஜம். நூறு மீட்டர் அறுபதாகச் சுருங்கிவிடும். எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் நிற்க இடமில்லாமல் எதிர்ச் சுவரின் மெத்தையில் போய் மோதுவார்கள். ஈட்டிக்கும் வட்டுக்கும் உள்ளே அனுமதி இல்லை. அவ்வளவு பெரிய கூரைக்கு எங்கே போவது!

கூரையின் உண்மையான லாபம் தாண்டுகிறவர்களுக்குத்தான். தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் 8.37 மீட்டர் நீளம் தாண்டினார். தங்கம் கிடைத்தது, தேசிய சாதனை கிடைக்கவில்லை. பின்னாலிருந்து அடித்த காற்று விநாடிக்கு 4.1 மீட்டர், விதி அனுமதிப்பது 2 மீட்டர்தான். அதே போட்டியில் ஒரு சென்டிமீட்டர் குறைவாகத் தாண்டிய கேரளத்து ஸ்ரீசங்கர் பெயரில் சாதனை பதிவானது. கூரைக்குள் இந்தத் தகராறே கிடையாது.

அடுத்த பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கப் போட்டி. இந்தியாவுக்குக் கிடைத்த ஆறு வெள்ளியில் மூன்று தமிழ்நாட்டுக்காரர்களுடையவை. நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் 7.97 மீட்டர், மும்முறைத் தாண்டுதலில் தஞ்சை மாவட்டத்துப் பிரவீன் சித்ரவேல் 16.98 மீட்டர், கோலூன்றித் தாண்டுதலில் பவித்ரா வெங்கடேஷ் 4 மீட்டர். மூவருமே வெட்டவெளியில் பழகியவர்கள். அஸ்தானா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; பெல்லாரி பக்கத்து விஜயநகரில் ஜெஸ்வின் 8.42 மீட்டர் தாண்டினார். இந்த முறை காற்று குறுக்கே வரவில்லை, தேசிய சாதனை அவருடையதானது.

நாட்டின் முதல் உள்ளரங்கத் தடகள அரங்கம் 2024-ல்தான் புவனேஸ்வரின் கலிங்கா வளாகத்தில் திறக்கப்பட்டது. அந்த அளவுக்கு ஒன்றை மதுரையிலும் கட்டச் சொல்வது பேராசை. ஓர் அறுபது மீட்டர் நேர்தடம், பக்கத்தில் ஒரு மணல்குழி, கோலூன்ற ஒரு மெத்தை, மேலே தகரக் கூரை. ரேஸ் கோர்ஸின் ஒரு ஓரத்தில் இவ்வளவு இருந்தால் போதும். வெயில் தாழும் வரை பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

(தொடரும்)