இரு வன்தட்டும் ஒரு கேபிளும்

அசோக் நகரில் எம் பாட்டனார் இல்லத்தில் பழைய கணிப்பொறி ஒன்றுண்டு. ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டுகள் இரண்டு அதனுள் உள. அவற்றுள் இரண்டாவதில், பாட்டனார் பல்லாண்டாகத் தொகுத்த வட்டாரச் சொற்கள் இருந்தன. அவற்றிற்கு வேறு படி இல்லை. சென்ற விடுமுறையில் அத்தட்டு ஒருநாள் தோன்றுவதும் மறுநாள் மறைவதுமாயிற்று. பழுது பார்க்க வந்தவர், தட்டு கெட்டது, எறிந்துவிடுக என்றார். யாம் அதற்கு உடன்பட்டிலேம்.

ஐ.டி.இ. முறையில் அமைந்த இத்தகைய பொறிகளில் தட்டுகள் இரண்டும் நாடா போன்ற ஒரே கேபிளில் இணைக்கப்பட்டிருக்கும். ஆகலின் ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதை ஸ்லேவ் என்றும், ஜம்பர் என்னும் சிறு செருகியால் குறித்தல் வேண்டும். இரண்டும் மாஸ்டராய்க் குறிக்கப்படின் ஒன்றேனும் காணாமற் போகும். கேபிள் நைந்தாலோ, குற்றம் தட்டின் மேல் ஏறும். 2003-இல் சாட்டா முறை வந்தபின் ஒவ்வொரு தட்டிற்கும் தனிக் கேபிள் வாய்த்தமையால் இக்குழப்பம் நீங்கிற்று.

எம் பொறியில் ஜம்பர்கள் சரியாகவே இருந்தன. அடுத்து, தட்டு தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பை நோக்கினோம். அதில் 05 என்னும் வரி, பழுதுற்று மாற்றிடம் பெற்ற செக்டர்களைக் கூறும். சி7 என்னும் வரி, கேபிள் வழியே செய்தி சிதைந்த தடவைகளைக் கூறும். 05-இல் சிறு எண்ணும் சி7-இல் பேரெண்ணும் கண்டோம். நோய் இரண்டென்பது விளங்கிற்று.

இவ்விடத்தில் பலரும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை ஏவுவர். அது தட்டிலேயே திருத்தி எழுதுவதாகலின் நலிந்த தட்டிற்கு ஆகாது. பொடியும் ஏட்டை ஆராயுமுன் பெயர்த்தெழுதிக்கொள்வதே நம் முன்னோர் வழக்கம். ஈண்டும் அதுவே முறை. (தட்டு டிக் டிக்கென ஒலிக்குமாயின் அதுவும் செய்யாது, உடனே மின்சாரத்தை நிறுத்துக. மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. தட்டின்மேல் மிதக்கும் முனைக்கு ஒரு தூசியும் பாறையே.)

ரிச்சி தெருவில், ஐ.டி.இ. தட்டை யு.எஸ்.பி. வழி இணைக்கும் கருவியொன்று வாங்கி, வேறொரு கணிப்பொறியில் டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளை இயக்கினோம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடரானவற்றிற்குப் பின்னர்த் திரும்பும். விடியுமளவும் ஓடிற்று. இரண்டே செக்டர்கள், அதாவது 1024 பைட்டுகள், வாராதொழிந்தன. பழைய பொறியில் புதிய கேபிளை இட்டபின் தட்டு மறையவில்லை. சி7-இன் எண்ணும் ஏறவில்லை. எனினும் 05-ஐ எண்ணி, அத்தட்டை இனி நம்புவதில்லை எனத் துணிந்தோம்.

படியெடுத்த கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் பொருளற்ற குறிகள்! ஒரு கணம் நெஞ்சம் துணுக்குற்றது. அது பழைய டிஸ்கி குறியீட்டில் எழுதப்பட்டிருந்ததே காரணம்; யூனிகோடுக்கு மாற்றியதும் தமிழாயிற்று. மகர வரிசையில் சில சொற்கள் மட்டும் இல்லை. பாட்டனார் அவற்றை நினைவினின்று சொல்லி வருகின்றார். யாம் எழுதி வருகின்றோம், இம்முறை இரண்டு படிகளாக.