பக்கப் பெட்டியின் நட்டு ஏன் தானாகக் கழல்கிறது?

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கில் இருந்த பிளாஸ்டிக் பக்கப் பெட்டிகள் விரிசல் விட்டதால், அவற்றைக் கழற்றிவிட்டு அலுமினியப் பெட்டிகளைப் பொருத்தினாராம். மெக்கானிக் பலம் கொண்ட மட்டும் முடுக்கினார். ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் ஸ்பிரிங் வாஷரும் போட்டார். கிருஷ்ணகிரியைத் தாண்டுவதற்குள் இடப்பக்கப் பெட்டி ஆட ஆரம்பித்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஒரு நட்டைக் காணோம். "யாரும் தொடாத நட்டு எப்படிக் கழலும்? இதற்கு நல்ல வாஷர் எது?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல விளம்பரங்கள் வரிசையில் நிற்கின்றன. முதல் கேள்விதான் அருமையானது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இரண்டாவது தானாகத் தீர்ந்துவிடும்.

கேள்வி காஞ்சிபுரத்திலிருந்து வந்ததும் பொருத்தமே. 1955இல் திருவொற்றியூரில் வேர்விட்ட என்ஃபீல்டு, 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலைகளைத் திறந்தது. இரண்டுமே காஞ்சிபுரம் மாவட்டம். 2016இல் வந்த 411 சிசி ஹிமாலயனும், 2023இல் அதன் இடத்துக்கு வந்த 452 சிசி வண்டியும் ஒற்றை சிலிண்டர்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் வண்டிச் சட்டம் விநாடிக்கு 66 தடவைக்கு மேல் அதிர்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் 2,40,000 அதிர்வுகள். குழியும் வேகத்தடையும் இதில் சேராது. அதிர்வைக் குறைக்க எஞ்சினுக்குள் எதிர் எடை சுழல்கிறது. ஆனாலும் மிச்ச அதிர்வு சட்டத்தின் வழியாகப் பெட்டி மாட்டும் ஸ்டேவுக்கு வந்தே தீரும்.

இத்தனை அதிர்ந்தால் நட்டு கழலாதா என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். அப்படியானால் அதே வண்டியில் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஏன் கழலவில்லை? அதிர்வின் உற்பத்தி இடத்திலேயே இருப்பவை அவை. ஆக, அதிர்வு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

போல்ட்டை நாம் ஆணி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஓட்டைக்குள் நுழைந்து, இரண்டு தகடுகளும் விலகாமல் குறுக்கே நிற்கிறது என்று. அது அப்படி வேலை செய்வதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு குழித்தறியைப் பாருங்கள். அங்கே பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். விறைத்த இழை அசையாது. அசையாததால் ஊடை நேராக உட்காரும், கரை பிசகாது. பாவு கொஞ்சம் தொய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். உரசிய இழை இன்னும் தொய்யும், கடைசியில் அறும். போல்ட்டும் இப்படி இழுத்துக் கட்டிய ஓர் இழைதான். நட்டை முடுக்கும்போது எஃகுத் தண்டு நீள்கிறது. நீண்ட தண்டு சுருங்கப் பார்க்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. பெட்டியைத் தாங்குவது தகடுகளுக்கு இடையிலான உராய்வு. போல்ட்டின் வேலை அந்த அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பது.

இந்த ஒப்புமை இன்னும் கொஞ்ச தூரம் வரும். புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு இழை இழையாகப் பிணைக்கும்போது எல்லா இழையும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். ஒன்று தொய்ந்தால் பக்கத்து இழைகள் அதன் பாரத்தையும் சுமக்கும். பழைய ஸ்டேவில் புதுப் பெட்டியைப் பொருத்தும்போதும் இதே கதைதான். நான்கு போல்ட்டில் ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், மற்ற மூன்றும் கோணலாக உட்காரும். மழைக் காலத்தில் ஈரம் ஏறிப் பட்டிழையின் விறைப்பு மாறும். தறிக்காரர் கையால் தொட்டே அதைத் தெரிந்துகொள்வார். போல்ட்டின் விறைப்பும் நாளாவட்டத்தில் மாறுகிறது. ஆனால் தொட்டுப் பார்த்தால் தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்குக் கணக்கைப் பார்ப்போம். பக்கப் பெட்டிக்குப் பரவலாகப் போடும் 8 மி.மீ. போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் 8.8 என்று பொறித்த தரம். உலர்ந்த மரையில் சுமார் 25 நியூட்டன்-மீட்டர் முறுக்குக் கொடுத்தால் தண்டில் கிட்டத்தட்ட 16,000 நியூட்டன் இழுவிசை வரும். 1,600 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அவ்வளவு இழுத்தும், தலைக்கும் நட்டுக்கும் நடுவே 20 மி.மீ. நீளம் இருந்தால் தண்டு நீள்வது சுமார் 0.04 மி.மீ. மட்டுமே. தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. பெட்டியைப் பிடித்து வைத்திருக்கும் மொத்த சேமிப்பும் இந்த 40 மைக்ரான்தான்.

இனி ஸ்டேவின் மேல் பூசிய பவுடர் கோட்டிங்கைப் பாருங்கள். அதன் கனம் பெரும்பாலும் 60 மைக்ரானுக்கு மேல். வாஷருக்கு அடியில் அந்தப் பூச்சு நசுங்கி 20 மைக்ரான் அமுங்கினால் போதும், போல்ட்டின் விறைப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும். நட்டு ஒரு இம்மிகூடச் சுழன்றிருக்காது. ஸ்பேனர் போட்டுப் பார்த்தாலும் இறுக்கமாகத்தான் தோன்றும். பிளாஸ்டிக் பெட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். தொடர்ந்து அழுத்தப்படும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொடுக்கும். வெயிலில் நின்ற வண்டியில் அது இன்னும் வேகமாக நடக்கும். கழலுதல் என்ற நாடகத்தின் முதல் காட்சி இதுதான். இதில் அதிர்வுக்கு வேலையே இல்லை.

இரண்டாம் காட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மரை என்பது தண்டைச் சுற்றி ஏறும் ஒரு சரிவு. 8 மி.மீ. போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏற்றம், சரிவின் கோணம் சுமார் 3 டிகிரி. எஃகின் மேல் எஃகு வழுக்க வேண்டுமானால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு செங்குத்தான சரிவு வேண்டும். எனவே சும்மா இருக்கும் நட்டு ஒருநாளும் கீழே வழுக்காது. ஆனால் 16,000 நியூட்டன் இழுவிசை அந்தச் சரிவின் மேல் எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கிறது. நட்டைக் கழற்றும் திசையில் அது கொடுக்கும் முறுக்கு சுமார் 3 நியூட்டன்-மீட்டர். இரவும் பகலும், வண்டி நின்றாலும் ஓடினாலும், அந்த முறுக்கு அங்கேயே இருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது உராய்வு ஒன்றுதான்.

உராய்வுக்கு ஒரு குணம் உண்டு. பொருள் எந்தத் திசையில் நகர்கிறதோ, அதற்கு நேர் எதிர்த் திசையில் மட்டுமே அது தடுக்கும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பரீட்சை அட்டையை லேசாகச் சாய்த்து அதன் மேல் ஐந்து ரூபாய்க் காசை வையுங்கள். காசு நகராத அளவுக்குத்தான் சாய்க்க வேண்டும். இப்போது சாய்வை மாற்றாமல் அட்டையை இடமும் வலமுமாக வெடுக் வெடுக்கென்று ஆட்டுங்கள். காசு பக்கவாட்டில் மட்டும் வழுக்காது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் கீழேயும் இறங்கும். பக்கவாட்டு நகர்வைத் தடுப்பதில் உராய்வு முழுதும் செலவாகிவிடுகிறது. கீழே இழுக்கும் சின்ன விசையைத் தடுக்க அதனிடம் போதிய மிச்சம் இல்லை. மரை என்னும் சரிவில் நடப்பதும் இதுவே. தகடுகள் குறுக்காக ஒரு நூலிழை வழுக்கும்போது போல்ட்டின் தலையும் மரையின் பற்களும் குறுக்கே உரசுகின்றன. அந்தக் கணத்தில் 3 நியூட்டன்-மீட்டர் முறுக்கைப் பிடிக்க ஆளில்லை. நட்டு ஒரு துளி திரும்புகிறது. அடுத்த ஆட்டத்தில் இன்னொரு துளி.

ஆக, நட்டைக் கழற்றுவது குறுக்கு வழுக்கல். தகடுகள் வழுக்காத வரை எத்தனை லட்சம் அதிர்வு வந்தாலும் நட்டு அசையாது. 10 கிலோ ஏற்றிய பெட்டி ஒரு குழியில் விழும்போது அதன் எடையைப் போல மூன்று மடங்கு விசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம், சுமார் 300 நியூட்டன். முழு விறைப்பில் இருக்கும் ஒரே ஒரு போல்ட்டு உராய்வால் தாங்கக்கூடியது 2,400 நியூட்டன். பெட்டி வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் நெம்பும் விசையையும் சேர்த்தால்கூட, நான்கு போல்ட்டுக்கு அது பெரிய பாரமில்லை. பூச்சு அமுங்கி, பிளாஸ்டிக் ஒதுங்கி, விறைப்பு 1,000 நியூட்டனுக்கு இறங்கிவிட்டால் அந்தப் போல்ட்டின் தாங்கும் சக்தி 150 நியூட்டன்தான். அப்போது ஒவ்வொரு குழியும் ஒரு ஸ்பேனர். எஞ்சின் போல்ட்டுகள் ஏன் கழலவில்லை என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. அவை தடித்தவை, நீளமானவை, சரியான முறுக்கில் முடுக்கப்பட்டவை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறுக்கு வழுக்கலே முக்கியக் குற்றவாளி என்பதை 1969இல் ஒரு சோதனை இயந்திரம் கட்டிக் காட்டியவர் ஜெர்மனியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர். போல்ட்டை நீளவாக்கில் இழுத்து விடுவதால்தான் கழல்கிறது என்று அதற்கு முன்பு பலரும் நம்பியிருந்தார்கள். தகடுகளைக் குறுக்கே ஆட்டும் அவருடைய இயந்திரத்தில் சாதாரண நட்டுகள் சில நூறு ஆட்டங்களிலேயே விறைப்பை இழந்தன. இன்றும் அந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான்.

இப்போது வாஷருக்கு வருவோம். நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஸ்பிரிங் வாஷர், போல்ட்டு முழுதாக முடுக்கப்படும்போது தட்டையாகிவிடுகிறது. அதன் பிறகு அது வெறும் வாஷர்தான்; கழலாமல் பிடிக்கும் சக்தி அதற்கு இல்லை. நாசா 1990இல் வெளியிட்ட போல்ட்டு வடிவமைப்புக் கையேடே இதைத் தெளிவாகச் சொல்கிறது. நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு ஓரளவு நல்லது. விறைப்பு போனாலும் நட்டு நடுரோட்டில் உதிராமல் பிடித்துக்கொள்ளும். விறைப்பு போவதை அது தடுக்காது. பல தடவை கழற்றி மாட்டினால் நைலான் தேய்ந்துவிடும். பெட்டி மாற்றும்போது நட்டையும் புதிதாக வாங்குவது நல்லது.

நீல நிற மரைப் பசை உண்மையிலேயே வேலை செய்கிறது. அதன் வேதியியலும் அழகானது. காற்று இருக்கும்வரை அது திரவம். மரைக்குள் போய், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பைத் தொட்டதும் கெட்டியாகிறது. பசைக் குப்பியில் பாதியைக் காலியாக விட்டு விற்பது, உள்ளே காற்று இருந்தால்தான் அது திரவமாகவே இருக்கும் என்பதால். எண்ணெய் ஒட்டிய மரையில் அது சரியாகப் பிடிக்காது. ஒரு எச்சரிக்கை: அது ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் பட்டால் பிளாஸ்டிக் வெடிப்பு விடக்கூடும். ஜோடியாக வரும் ஆப்பு வாஷர்களும் பலன் தருபவையே. அவற்றின் உட்பக்கச் சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்தானது. நட்டு கழலத் திரும்பினால் விறைப்பு கூடுமே தவிர குறையாது. "மிலிட்டரி கிரேடு", "அதிர்வே தாக்காது" என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். போல்ட்டின் தரம், முறுக்கின் அளவு, ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ என்ற மூன்றையும் எழுதித் தராத தயாரிப்பாளர் வேறு எதை எழுதியும் பயனில்லை. பெயர்பெற்ற பெட்டிகள் பலவற்றிலேயே பக்கத்துக்கு 10 கிலோ என்றுதான் வரம்பு போட்டிருக்கிறார்கள்.

காஞ்சிபுரம் வாசகர் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாஷர் உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி உலோகத்தை வெளியே கொண்டுவந்து, துரு பிடிக்காமல் மெல்லியதாக ஏதாவது தடவ வேண்டும். ரப்பர் புஷ் வரும் இடத்தில் அதற்குள் ஒரு எஃகுக் குழாய்த் துண்டு இருக்க வேண்டும். போல்ட்டு அந்த எஃகை அழுத்த வேண்டும், ரப்பரை அல்ல. முடிந்தால் கனமான குழாய்த் துண்டு ஒன்றைக் கூடுதலாக இடையில் கொடுத்து, நீளமான போல்ட்டு போடுங்கள். பிடிப்பு நீளம் 20 மி.மீ.க்குப் பதில் 40 ஆனால் தண்டின் நீட்சியும் இரண்டு மடங்காகும். அதே 20 மைக்ரான் அமுங்கினாலும் பாதிக்குப் பதில் கால்வாசிதான் போகும். இதற்கு ஆகும் செலவு எந்த விசேஷ வாஷரையும்விடக் குறைவு. நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கச் சொல்லுங்கள். "பலம் கொண்ட மட்டும்" என்பது அளவு இல்லை. அலுமினியத்தில் வெட்டிய மரையானால் அது மரையையே பிய்த்துவிடும்.

முடுக்கிய பிறகு நட்டிலும் தகட்டிலும் சேர்த்துப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். கோடு பிசகினால் நட்டு திரும்பியிருக்கிறது. பிசகாவிட்டாலும் முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை ரெஞ்சு போட்டுப் பாருங்கள். பூச்சு அமுங்குவதைக் கோடு காட்டாது. மரைப் பசை போடுவதானால் அந்த இரண்டாவது முடுக்கலின்போது, மரையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். நெடும்பயணம் கிளம்பும் ஒவ்வொரு காலையும் பெட்டியைப் பிடித்துக் குலுக்குங்கள். வண்டியோடு சேர்ந்து பெட்டி ஆடினால் கிளம்பலாம். பெட்டி மட்டும் தனியாக ஆடினால் ஸ்பேனரை எடுங்கள். நெடுஞ்சாலையில் உதிரும் பெட்டி பின்னால் வருகிறவரின் சக்கரத்தில்தான் விழும்.