வளைக்குள் ஓர் ஊர்: பிரெய்ரி நாய்

எலித் தொல்லையோடு போராடும் நம் விவசாயிகள், அமெரிக்கப் பெரும் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி நாயைப் பற்றியும் அறிந்துகொள்வது நல்லது. பெயரில்தான் நாய், குரைப்பது போலக் கத்துவதால் வந்த பெயர். உண்மையில் இது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, சுமார் ஒரு கிலோ எடையுள்ள பிராணி.

நம் வயல் எலி வளைக்கு ஒன்றாக வாழும். பிரெய்ரி நாய்களில் பெருவாரியான கருவால் வகையோ குடும்பமாக வாழ்வதாகும். ஓர் ஆண், மூன்று நான்கு பெண்கள், குட்டிகள் சேர்ந்தது ஒரு குடும்பம். பெண் குட்டிகள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடும், வெளியேறுவது ஆண்கள்தான். நம் வழக்கத்துக்கு நேர் எதிர்! எதிர்ப்படும்போது வாயோடு வாய் வைத்து உறவா, அயலா என்று அறிந்துகொள்ளும். பருந்து தென்பட்டால் கண்டது குரல் கொடுக்கும். மற்றவை வளைக்குள் பாயும். வளை வாயைச் சுற்றி மண்ணைக் கரைபோல உயர்த்துவதால் மழைநீர் உள்ளே புகாது.

மாட்டுக்கான புல்லைத் தின்கிறதென்று 20ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசே முன்னின்று விஷம் வைத்தது. முதலில் எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னைன். பின்னர் நாம் எலிக்கு வைக்கும் அதே ஜிங்க் பாஸ்பைடு. ஆனால் வயல் எலி ஆண்டுக்குப் பல ஈற்று ஈனும். இது ஒரே ஈற்றுதான். இதையே தின்று வாழ்ந்த, கீரி போன்ற கருங்கால் ஃபெரட்டும் கூடவே அருகியது. அழிந்தேவிட்டது என்று எண்ணியிருக்கையில், 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் கொன்று கொண்டுவந்த உடலால்தான் சில எஞ்சியிருப்பது தெரிந்தது.

அடிக்கடி கறிக்கப்படும் இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லில் புரதம் அதிகம்; அதைத் தேடிக் காட்டெருமைகள் வந்து மேய்கின்றன. ஆயினும் வறட்சி ஆண்டுகளில் புல்லுக்குப் போட்டி உண்டு. மாடு வளர்ப்போரின் புகாரை அடியோடு தள்ளிவிட முடியாது.